சிறிய படகில் மலசலகூடக் கழிவுத் தாங்கி பொருத்துதல்: காற்றுக்குழாயில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மட்டக்குளியில் களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே எங்கள் 26 அடி பைபர் படகு கட்டியிருக்கிறது. அதில் முதல்முறை கழிவுத் தாங்கி பொருத்தியபோது தாங்கியின் கொள்ளளவு, ஹோசின் நீளம், கிளிப் எத்தனை என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன். காற்றுக்குழாயை மட்டும் கடைசிக்கு விட்டுவிட்டு, மிஞ்சிய ஹோஸ் துண்டை வசதிப்பட்ட பக்கமாக வளைத்து வெளியே எடுத்தேன். மூன்றாவது கிழமை அம்மா படகுக்குள் வந்தார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே இறங்கிப் போனார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, தலைகீழ் வரிசையில் மறுபடி செய்தேன். முதலில் காற்றுக்குழாய், அதற்குப் பிறகுதான் தாங்கி. கீழே உள்ளது அந்த இரண்டாவது முறையின் வரிசை.

நாற்றம் ஏன் வருகிறது

கழிவு தாங்கிக்குள் விழுந்ததுமே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஒட்சிசன் கிடைத்தால் அதில் வாழும் வகை பெருகும். அது கழிவைச் சிதைத்து வெளியிடுவது பெரும்பாலும் மணமில்லாத காபனீரொட்சைட்டுதான். ஒட்சிசன் தீர்ந்துபோனால் காற்றில்லாமல் வாழும் வகை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அழுகிய முட்டை மணம் தரும் ஐதரசன் சல்பைட்டு அதன் வேலை. ஆக, தாங்கிக்குள் காற்று போய்வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் கொழும்புக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சந்தையில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியவை. நமக்கு வருடம் முழுக்க 27, 28 பாகைச் சூடு. வெயிலில் நிற்கும் படகின் அடியில் அதைவிடக் கூடும். சூடு கூடக் கூட நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும், தண்ணீரில் கரைந்து நிற்கும் ஒட்சிசனோ குறையும். அங்கே போதுமென்று சொல்லப்படும் மெல்லிய காற்றுக்குழாய் இங்கே போதாது.

கரியமில வாயு என்று நாம் பேச்சில் சொல்லும் அந்தக் காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது. தானாக எழும்பி வெளியே போகாது. கழிவின் மேல் போர்வை போலப் படுத்து, புதுக்காற்று கீழே தொடாதபடி மூடிவிடும். இதனால்தான் ஒரு குழாய் போதாமல் இரண்டு தேவைப்படுகிறது.

முதல் படி: காற்று எந்தப் பக்கத்தால் வரும், எந்தப் பக்கத்தால் போகும்

தாங்கியை வாங்குவதற்கு முன்பு ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வாருங்கள். இரண்டு பக்கமும், மேல்தட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒவ்வொரு புள்ளி வையுங்கள். ஒரு பக்கத்தில் காற்று அழுத்தும், மறுபக்கத்தில் இழுக்கும். அந்த வித்தியாசமே தாங்கிக்கு மேலாகக் காற்றை நகர்த்தும். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு முகம் காட்டித் திரும்பிக்கொள்ளும். கரையோடு இறுக்கிக் கட்டிய படகு அப்படித் திரும்பாது. இரண்டு பக்கமும் வாய் இருந்தால் எந்தக் காலத்திலும் ஏதோ ஒன்று காற்றை வாங்கும்.

புள்ளி வைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். கபின் யன்னலுக்குக் கீழேயோ, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நேரேயோ வேண்டாம். குடிநீர்த் தாங்கியின் காற்றுக்குழாய்க்கோ, அதை நிரப்பும் வாய்க்கோ பக்கத்தில் வேண்டவே வேண்டாம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போதும் வாய் தண்ணீருக்குள் போகக் கூடாது.

இப்போது அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து உள்ளே பாருங்கள். எந்த இடத்தில் தாங்கியை வைத்தால் இரண்டு குழாய்களும் குட்டையாக, நேராக, ஏறுமுகமாகப் போகுமோ அதுதான் தாங்கியின் இடம். எங்கள் படகில் முதலில் தாங்கி இருந்தது அணியத்துக் கட்டிலுக்குக் கீழே. இப்போது நடுவில், கொமட்டுக்குப் பின்சுவரோடு. ஒரு அலுமாரி போய்விட்டது, அதில் எனக்குக் கவலை இல்லை.

குழாயின் பருமன்

விற்பனைக்கு வரும் பல தாங்கிகளில் காற்றுக்கென்று 16 மி.மீ. வாய்தான் இருக்கும். அதன் குறுக்குப் பரப்பு 2 சதுர செ.மீ. 25 மி.மீ. குழாய்க்கு 4.9. 38 மி.மீ. குழாய்க்கு 11.3. அதாவது 16 மி.மீ. குழாயைப் போல ஐந்தரை மடங்கு. கழிவு ஹோசும் அதே 38 மி.மீ., நம் ஹார்ட்வெயார் கடைகளில் ஒன்றரை அங்குலம் என்பார்கள். ஒரே அளவில் வாங்கினால் கிளிப்பும் இணைப்பும் ஒன்றாகவே போகும். என் பரிந்துரை: இரண்டு குழாய், இரண்டும் 38. இடமே இல்லையென்றால் 25. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

நீளம் ஒரு மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. நீளம் கூடினால் பருமனும் கூட வேண்டும்.

இனி, நான் முதல்முறை விட்ட பிழை. பிரித்துப் போட்டிருந்த நாள் பைபர் வேலை செய்கிற பாஸ் ஒருவர் வந்தார், என்னைவிட இருபது வயது மூத்தவர். காற்றுக்குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய், நடுவில் நிறுத்தினார்.

"தம்பி, இது ஏறுது, பிறகு இறங்குது, திரும்ப ஏறுது. தண்ணி எங்க நிக்கும்?"

"இந்தப் பள்ளத்தில, அண்ணே."

"அப்ப காத்து எங்கால போகும்?"

ஹோசைக் கழற்றிச் சாய்த்தோம். அரைக் கோப்பை பழுப்புத் தண்ணீர் கொட்டியது. படகு ஆடும்போது தாங்கியிலிருந்து தெறித்ததும், குழாய்க்குள் வியர்த்ததும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து வாயை அடைத்திருக்கிறது. அடைத்த காற்றுக்குழாய் இல்லாத காற்றுக்குழாய்க்குச் சமம். ஆகவே தாங்கியின் மேற்பரப்பிலிருந்து வெளிவாய் வரைக்கும் குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்கும் தொய்யக் கூடாது, எங்கும் படுக்கக் கூடாது. ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் ஒரு பிடி போட்டு இறுக்குங்கள். வெயில் சூட்டில் ஹோஸ் மெதுவாக இளகித் தொங்கும். இன்று நேராக இருப்பது ஆறு மாதத்தில் பள்ளமாகலாம்.

தாங்கியில் இந்த இணைப்புகள் மேல்மூடியில், ஒன்றுக்கொன்று எதிர் ஓரங்களில் இருக்கட்டும். இணைப்பின் உள்நுனி மூடியோடு மட்டமாக நிற்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் தாங்கி நிரம்பும்போது அது கழிவுக்குள் முங்கிவிடும்.

வெளிவாயில் மெல்லிய கண்ணிவலை போட ஆசை வரும். போட வேண்டாம். உப்பும் தூசியும் சேர்ந்து சில மாதத்தில் வலை சுவராகிவிடும். வலையில்லாவிட்டால் வேறொரு விருந்தாளி வரும்: குளவி. வீட்டுச் சுவரில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் தொட விடமாட்டார்கள். காற்றுக்குழாயில் கட்டியதைக் கண்ட அன்றே கலையுங்கள். எங்கள் படகு இரண்டு கிழமை சும்மா நின்றபோது இடப்பக்கத்து வாயில் பெருவிரல் அளவு மண்கூடு வைத்து, வாயை மெழுகி மூடியிருந்தது. மற்றக் குழாய் திறந்திருந்ததால் தப்பினோம். ஆகவே கையால் கழற்றக்கூடிய வெளிவாயைத் தேர்ந்தெடுங்கள். படகு கழுவும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஹோசை வெளியிலிருந்து அந்த வாயில் வைத்து ஒரு நிமிடம் அடியுங்கள். அவ்வளவுதான் பராமரிப்பு.

குழாயில் கரித்தூள் வடிகட்டி வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மணத்தை அது பிடிக்கும்தான். ஆனால் காற்றையும் சேர்த்துப் பிடிக்கும், ஒருமுறை நனைந்தால் அடைத்தே விடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எத்தனை லீட்டர்

வெளிநாட்டு அட்டவணைகள் கடதாசி பாவிப்பவர்களுக்கு. நாங்கள் தண்ணீர் பாவிப்பவர்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கைப்பம்ப் கொமட்டில் ஒருவர் ஒருமுறை போய்வர 3 லீட்டர், கழுவ 1 லீட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர், காலையிலிருந்து மாலைவரை மும்மூன்று தடவை: 5 × 3 × 4 = 60 லீட்டர். கால்பங்கு இடம் காலியாக இருக்கட்டும், காற்று ஓடுவதற்கும் அதுதான் இடம். 80 லீட்டர் தாங்கி பொருத்தமாக இருக்கும். நிரம்பினால் ஒன்றரை மூட்டை சீமெந்துக்கு மேல் பாரம், அதனால் நடுக்கோட்டுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

தாங்கியும் அதன் இருக்கையும்

அலுமினியம் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம், சிறுநீர் வெல்டிங் ஓரத்தில் தின்னத் தொடங்கும். தடித்த பொலித்தீன் தாங்கிதான் நல்லது, சுவர் 10 மி.மீ. வரை இருந்தால் சிறப்பு. மலிவென்று நீலப் பீப்பாவையோ மெல்லிய கேனையோ எடுக்காதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக்கின் ஊடாக மணம் கசியும். படகின் வளைவுக்கு ஏற்றபடி பைபரில் கட்டுவித்தால், உள்பக்கத்தில் கண்ணாடி நார் எங்கும் வெளியே தெரியாதபடி எபொக்சி பூசுவிக்க வேண்டும்.

பொலித்தீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சிக்காபிளெக்சும் பிடிக்காது, எபொக்சியும் பிடிக்காது. ஒட்டி நிறுத்தலாம் என்று நினைக்காமல், மரைன் பிளைவுட்டில் தட்டும் நான்கு பக்கச் சட்டமும் செய்து, ரெசின் பூசி, அதைப் படகோடு சேர்த்துக் கட்டுங்கள். அடிப்பாகம் முழுவதும் தட்டில் இருக்க வேண்டும். அடியில் ஒரு இறப்பர் விரிப்பு. மேலே இரண்டு பட்டி, ஏனென்றால் அலையில் தாங்கி மேலேயும் எழும்பும். பசை பிடிக்காத அதே காரணத்துக்காக, தாங்கியின் பக்கச் சுவரில் நீங்களே ஓட்டை போட்டுச் சிலிக்கன் வைத்து இணைப்புப் பூட்ட வேண்டாம். உற்பத்தியாளர் வைத்த திருகு வாய்களை மட்டும் பாவியுங்கள். டெப்லோன் டேப் சுற்றி, கையால் இறுக்கி, அதற்குமேல் அரைச்சுற்று. பிளாஸ்டிக் திருகு வெடித்தால் முழுத் தாங்கியும் போயிற்று.

கொமட்டிலிருந்து தாங்கிக்கு

இங்கே 38 மி.மீ. கழிவு ஹோஸ், உட்பக்கம் வழுவழுப்பானது. தோட்டத்து ஹோசோ, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் வரிவரியான பில்ஜ் ஹோசோ வேண்டாம். சாதாரண ஹோசின் சுவர் ஊடாகவே மணம் வெளியே வரும். நேராக ஓடும் இடங்களில் பி.வி.சி. பைப்பே போட்டு, இரண்டு முனையிலும் மட்டும் ஹோஸ் துண்டு வைக்கலாம். பி.வி.சி. மணத்தை விடாது. பழைய ஹோசைச் சோதிக்க ஒரு வழி: துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து ஹோசைச் சுற்றுங்கள், ஆறியதும் எடுத்து முகருங்கள். துணியில் நாற்றம் வந்தால் அந்த ஹோஸ் முடிந்தது.

ஒரு மீட்டர் ஹோசுக்குள் 1.1 லீட்டர் நிற்கும். பம்ப் அடித்து முடிந்த பிறகும் ஹோசுக்குள் கழிவு கிடந்தால் அதுவும் புளிக்கும். ஆகவே ஹோஸ் குட்டை, சரிவு தாங்கியை நோக்கி. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், 316 வகை ஸ்டெயின்லெஸ். பஞ்சிகாவத்தையில் வாகனத்துக்கு விற்கும் கிளிப்பில் பட்டி ஸ்டெயின்லெசாக இருந்தாலும் திருகாணி பெரும்பாலும் சாதாரண இரும்பு. ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள், திருகாணி சட்டென்று ஒட்டினால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

கொமட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து? கடல்நீரை உறிஞ்சும் ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் ஹோசுக்குள் நின்று செத்து அழுகினால் அதுவே தனி நாற்றம். சிறுநீரோடு கடல்நீர் சேர்ந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு போலப் படியும். எங்கள் மலசலகூடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு கோப்பையும் இருக்கின்றன. ஊற்றிவிட்டுப் பம்பை அடிக்க வேண்டியதுதான், வீட்டில் செய்வது போலத்தான். ஒன்று மட்டும்: குடிநீர்ப் பம்பின் லைனைக் கொமட்டோடு நேரே இணைக்காதீர்கள், எந்த வால்வை நம்பியும்.

கடல்நீரையே வைத்திருப்பீர்கள் என்றால், படகின் அடியில் உள்ள வால்வு வெண்கலமாக இருக்க வேண்டும். பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் வீட்டுப் பித்தளை வால்வு உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாகி, ஒருநாள் கையோடு உடைந்து வரும். கொமட் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் தானாக உள்ளே இழுபட்டுப் படகு அமிழாதபடி, ஹோசை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, உச்சியில் காற்று வாங்கும் வளைவு ஒன்று வைக்க வேண்டும். படகு சாய்ந்தாலும் அந்த உச்சி நீருக்கு மேலே நிற்க வேண்டும்.

வெளியேற்றுதல்

பலர் தாங்கியிலிருந்து கடலுக்கு ஒரு வழியும் கரைக்கு ஒரு வழியும் வைப்பார்கள். நான் கடல் வழியை வைக்கவில்லை. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச மாபோல் உடன்படிக்கையின் 4 ஆம் இணைப்பு பெரிய கப்பல்களுக்கே சொல்வது என்ன? அரைத்துக் கிருமி நீக்கிய கழிவென்றால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால், அப்படியே விடுவதென்றால் 12 கடல்மைலுக்கு அப்பால், அதுவும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. 12 கடல்மைல் என்றால் 22 கிலோமீட்டர். நம் சிறு படகு எத்தனை நாள் அவ்வளவு தூரம் போகிறது? இலங்கையிலும் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், களனி முகத்துவாரத்தில் விடியற்காலையில் வலை வீசி நிற்பவர்களையும், பக்கத்தில் இறங்கிக் குளிக்கும் பிள்ளைகளையும் பார்த்தவர் யாரும் அந்த வால்வைத் திறக்க மாட்டார்.

ஆகவே தாங்கியின் அடிவரை, தரையிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒரு உறிஞ்சு குழாய். அதிலிருந்து மேல்தட்டுக்கு ஒரு 38 மி.மீ. மூடி வாய். கரையில் உறிஞ்சுவது, வீட்டு மலக்குழிகளைக் காலிசெய்யும் கலி பவுசர் வண்டிதான். பவுசரின் குழாய் மிகப் பெரியது, எனவே உங்கள் வாய்க்கும் அதற்கும் இடையில் போடும் பி.வி.சி. குறைப்பானை முன்கூட்டியே செய்து படகில் வைத்திருங்கள்.

இதில் ஒரு அபாயம் இருக்கிறது, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பவுசரின் பம்ப் வீட்டு மலக்குழிக்கானது, அதன் இழுவை கடுமையானது. இழுக்கும் அளவுக்கு உள்ளே காற்று வராவிட்டால் தாங்கி உள்ளே குழிந்து வெடிக்கும். மெல்லிய ஒற்றைக் காற்றுக்குழாய் இந்த இழுவைக்கு ஈடுகொடுக்காது. உறிஞ்சத் தொடங்கும் முன் தாங்கியின் பார்வை மூடியைத் திறந்துவிடுங்கள், பவுசர்காரரிடம் வால்வைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்லுங்கள். மூடி திறந்திருக்கும்போது கபின் கதவும் யன்னலும் திறந்திருக்க வேண்டும். தலையைத் தாங்கிக்குள் விட்டுப் பார்க்காதீர்கள். ஐதரசன் சல்பைட்டு அதிகமாகும்போது மூக்கு மரத்துப்போகும், மணம் இல்லையென்று நினைப்பீர்கள். மலக்குழிக்குள் இறங்கி மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறக்கும் செய்திகள் பெரும்பாலும் இந்த வாயுவால் வருபவைதான்.

சோதனை

பலகைகளை மூடும் முன்பு தாங்கியை நல்ல தண்ணீரால் விளிம்புவரை நிரப்புங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ கடதாசியால் சுற்றி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஈரமான கடதாசி எங்கே என்று அடுத்த நாள் தெரியும்.

பிறகு பாதி நீரை எடுத்துவிட்டு, ஒருவரை உள்ளே பம்ப் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று, புறங்கையை ஈரமாக்கிக் காற்றுவாய்க்கு நேரே பிடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கையில் குளிர்ச்சியாக ஒரு மூச்சு பட வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். பம்ப் அடிக்க அடிக்கக் கடினமாகிறது, கையில் ஒன்றும் படவில்லை என்றால் எங்கோ அடைப்பு. அப்படியே தொடர்ந்து அடித்தால் தாங்கிக்குள் அழுத்தம் ஏறி, மூடியைத் திறக்கும் நேரத்தில் முகத்தில் அடிக்கும். அது நடந்தவன் நான், ஆகவே சொல்கிறேன்.

பாவனையில்

வாயில் மென்று விழுங்கியதையும் தண்ணீரையும் தவிர எதுவும் கொமட்டுக்குள் போகக் கூடாது. கடதாசி பாவிக்கும் விருந்தினருக்கு மூடியுள்ள சிறு கூடை ஒன்று வையுங்கள். நீல நிற மணமருந்துகளை வாங்க வேண்டாம், அவற்றில் பல நுண்ணுயிர்களைக் கொல்பவை, நல்ல வகையையும் சேர்த்து. கிருமிநாசினி என்று குளோரின் ஊற்றினால் இறப்பரையும் கெடுக்கும். கிழமைக்கு ஒருமுறை ஒரு கோப்பை வினாகிரியை ஊற்றி ஹோசுக்குள் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள், சுண்ணாம்புப் படிவு பிடிக்காது. தாங்கி காலியானதும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் விட்டு, படகு ஆடும்படி ஒரு சுற்று ஓடி, மறுபடி உறிஞ்சுங்கள். அடியில் கிடப்பதைச் சேர்த்து எடுத்தால்தான் அடுத்த முறை சுத்தமாகத் தொடங்கும்.

கொமட்டின் வெளிவாயில் வாத்தின் அலகு போல ஒரு இறப்பர் வால்வு இருக்கும். அது இளகினால் கழிவு கோப்பைக்குள் திரும்பி வரும். வருடத்துக்கு ஒன்று மாற்றுங்கள். ஒன்று எப்போதும் மேலதிகமாக இருக்கட்டும். எங்களுடையது அந்த வாளிக்குப் பக்கத்தில், சிப் பையில், இரண்டு ஹோஸ் கிளிப்போடு தொங்குகிறது.